கடல் தாண்டி வந்த தமிழுக்கு வாரம் கால்மணி நேரம்

தருமபுரி ஆகாசவாணி பண்பலை 102.5 நிலையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் அறிவிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் பென்னாகரம் வட்டத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். காலையில் மாடு கறக்கிற நேரத்தில் தொடங்கி இரவுச் சாப்பாடு வரைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உங்கள் நிலையம்தான் பேசிக்கொண்டிருக்கும். 2004 இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்து போனாலும், அந்தப் பக்கத்து என் அக்கா வீட்டிலும் உங்கள் குரல்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

சோ. சிவபாதசுந்தரம் என்ற எழுத்தாளரைப் பற்றி, ஒலிபரப்பாளரைப் பற்றி நீங்கள் ஒரு தொடர் ஒலிபரப்ப வேண்டும். அதை வாசிக்கிற குரல்கள் நம் அணைக்கட்டு ஓரங்களில் இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வர வேண்டும். இதுதான் என் கோரிக்கை. இரண்டையும் ஏன் சேர்த்துக் கேட்கிறேன் என்று விளக்க, என் சிறுவயதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் கொட்டாயில் மொத்தம் பதினாறு வீடு. ரேடியோ இருந்தது பெரியப்பா வீட்டில் மட்டும். மர்பி ரேடியோ. அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டின புத்தகத்தைப் பட்டா பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். ராகி அறுப்பு முடிந்த காலத்தில், சாயங்காலம் எல்லாரும் அங்கே கூடுவோம். பெண்கள் கடலைக்காய் உரிப்பார்கள், ஆண்கள் புளி தட்டுவார்கள். பெரியப்பா முள்ளை மெல்ல நகர்த்துவார். இரைச்சலுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் எழுந்து வரும்: இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்.

'கூட்டுத்தாபனம்' என்ற சொல்லை நானும் தம்பியும் வாய்க்குள் போட்டு உருட்டி உருட்டிச் சொல்லிப் பார்ப்போம். எங்கள் பக்கத்துப் பேச்சு உங்களுக்குத் தெரியாததா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் புழங்குகிற மண். ஊர்ப்பெயரில் பாதி 'அள்ளி', மீதி 'பள்ளி'. அந்தப் பேச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை, அதில்தான் வளர்ந்தேன். ஆனால் லகர, ளகர, ழகரம் மூன்றும் தனித்தனியாகக் காதில் விழும் என்பதை முதலில் எனக்குக் காட்டியது அந்த ரேடியோதான். பிறந்தநாள் வாழ்த்து சொல்லும்போது அம்மம்மா, அப்பப்பா என்று உறவுகளை அடுக்குவார்கள். "அம்மம்மான்னா யாருடா?" என்று பாட்டி கேட்டாள். "நீதான் அம்மம்மா" என்றேன். அன்றிலிருந்து சாகும்வரை அவளை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்று அந்த வானொலி அறிவிப்பாளர்களின் பெயர் சொன்னால் என் வயதுக்காரர்களுக்கு முகம் மலரும். அவர்களில் எத்தனை பேர் கடலை நேரில் பார்த்திருப்பார்கள் என்று தெரியாது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்துத் தமிழ் எல்லாருக்கும் பழகியிருந்தது.

நான் தமிழாசிரியர் ஆனதற்கு அந்த மர்பி ரேடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இருபது வருடத்துக்கு முன்பு சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, திருவல்லிக்கேணி நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கழன்ற நூல் ஒன்று கிடைத்தது. 'ஒலிபரப்புக் கலை', சோ. சிவபாதசுந்தரம், 1954. ரேடியோவில் பேசுவது மேடையில் பேசுவது போல அல்ல, பத்திரிகைக்கு எழுதுவது போலவும் அல்ல, அது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய கலை என்று எண்ணி, அந்தக் காலத்திலேயே ஒருவர் தமிழில் முழு நூல் எழுதியிருக்கிறார். திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் ஏறுகிறவரை பஸ்ஸில் படித்துக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு வகுப்பில் நான் செய்யுள் வாசிக்கிற விதமே மாறிப்போனது. பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு வாசிப்பேன். முகமோ கையசைவோ உதவிக்கு வராது, குரல் மட்டுமே அர்த்தத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேரவில்லை என்றால் குறை வாசிப்பில்தான். இது உங்களுக்கு அன்றாட வேலை. எனக்கு அது அன்றைக்குப் பெரிய பாடம்.

யார் இந்த மனிதர் என்று தேடத் தொடங்கினேன். 1912 ஆகஸ்ட் 27 அன்று, யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் பிறந்தவர். 1938 முதல் 1942 வரை 'ஈழகேசரி' இதழின் ஆசிரியர். அப்புறம் கொழும்பு வானொலி. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு லண்டனுக்குப் போய் பி.பி.சி.யில் வேலை பார்த்தார். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941 மே 3 அன்று தொடங்கியது. அப்போது அதற்குச் 'செய்தி மடல்' என்று பெயர். அதைத் 'தமிழோசை' என்று மாற்றியவர் சிவபாதசுந்தரம். பாரதி வாக்கிலிருந்து எடுத்த பெயர். தமிழோசை உலகமெல்லாம் பரவ வேண்டும் என்று பாரதி ஆசைப்பட்டு எழுதினான். அந்தச் சொல்லையே உலகமெல்லாம் கேட்கிற ஒரு வானொலிக்குப் பெயராக வைத்துவிட்டார் இவர். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செய்கை இதுதான். ஊரை விட்டு அத்தனை தூரம் போனவர், கையோடு கொண்டுபோன ஒரு சொல்லை அங்கே ஊன்றிவிட்டு வந்திருக்கிறார்.

பிறகு சென்னைக்குக் குடிவந்தார். இங்கே பல ஆண்டுகள் இருந்து எழுதினார். 2000 நவம்பர் 8 அன்று காலமானார்.

அவருடைய பயண நூல்களைப் பற்றி நீங்கள் தொடரில் தனியாகவே ஒரு வாரம் பேச வேண்டும். 'மாணிக்கவாசகர் அடிச்சுவட்டில்', 'கௌதம புத்தர் அடிச்சுவட்டில்', 'சேக்கிழார் அடிச்சுவட்டில்' என்று மூன்று. தலைப்பிலேயே அவர் குணம் தெரிகிறது. மாணிக்கவாசகரைப் பற்றியோ புத்தரைப் பற்றியோ எழுத வேண்டுமென்றால் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். அவர் அந்த ஊர்களுக்கே போனார். அந்த வழியில் நடந்தார். யாழ்ப்பாணத்துச் சைவ வீட்டுப் பிள்ளை புத்தர் நடந்த வழியே போய் எழுதினார் என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்க்கிறேன். அவர் பிறந்த நாட்டில் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். அந்த நூல் 1960 இல் வந்தது. இப்போது அதைப் படிக்கும்போது சில பக்கங்களில் மனம் கனத்துப் போகிறது.

இன்னொரு விஷயம், இதை அறிவிப்பாளர்களுக்கென்றே சொல்கிறேன். தமிழ் நாவலின் வரலாற்றையும் தமிழ்ச் சிறுகதையின் வரலாற்றையும் விரிவாக எழுதிய முக்கியமான நூல்களில் இரண்டு, 'சிட்டி' பெ. கோ. சுந்தரராஜனும் சிவபாதசுந்தரமும் சேர்ந்து எழுதியவை. நாவல் நூல் 1977 இல், சிறுகதை நூல் 1989 இல். சிட்டி 'மணிக்கொடி' இதழ்க் காலத்து எழுத்தாளர், உங்கள் அகில இந்திய வானொலியில் வேலை பார்த்தவர். அதாவது கடலின் இந்தக் கரையில் ஒரு வானொலிக்காரர், அந்தக் கரையில் ஒரு வானொலிக்காரர், இருவரும் உட்கார்ந்து நூறு வருடத்துக் கதைகளைப் படித்து, எது முதலில் வந்தது, எது எதை மாற்றியது என்று எழுதியிருக்கிறார்கள். கல்லூரிப் பேராசிரியர்கள் செய்ய வேண்டிய வேலை என்று நாம் நினைப்பதை மைக் முன்னால் உட்கார்ந்து பழகியவர்கள் செய்து முடித்தார்கள். இது உங்கள் தொழிலுக்குப் பெருமை. உங்கள் நிலையத்துச் சுவரில் ஒரு படம் மாட்டுவதென்றால் இவர்கள் இருவருடைய படத்தையும் மாட்டலாம்.

இத்தனை செய்தவரை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. நான் பார்த்தவரை, ஈழத்து இலக்கியம் பேசுகிறவர்கள் அவரைச் சென்னைக்குப் போனவர் என்று ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்தில் பேசுகிறவர்கள் இலங்கைக்காரர் என்று ஒரு வரியில் விட்டுவிடுகிறார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதுவே வழக்கமாகிவிட்டது. விட்டுவந்த ஊரும் கணக்கில் சேர்க்காது, வந்து சேர்ந்த ஊரும் சேர்க்காது.

சரி, முகாம்களுக்கு வருகிறேன்.

நாகாவதி அணை, தும்பலஅள்ளி, வாணியாறு, ஊத்தங்கரைப் பக்கம் பாம்பாறு. நம் ஆட்களுக்கு இவையெல்லாம் அணைகளின் பெயர்கள். அங்கே ஒரு தலைமுறைக்கு மேலாக வாழ்கிறவர்களுக்கு அவைதான் விலாசம். 1983 க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 'அகதி முகாம்' என்பதை 2021 இல் அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. நல்ல காரியம்தான். ஆனாலும் பேருந்தில் இன்னும் "கேம்ப் ஸ்டாப் இறங்கு" என்றுதான் சொல்கிறார்கள்.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்றுக்கு முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அவர்களிடம் இரண்டு தமிழ் இருந்தது. வீட்டில் 'கதைக்கிறம்', பள்ளிக்கூட வாசலில் கால் வைத்ததும் 'பேசறோம்'. வீட்டில் 'ஓம்', வகுப்பில் 'ஆமா சார்'. வாசலில் செருப்பைக் கழற்றுவது போல அந்தத் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். யாரும் அவர்களிடம் கழற்றச் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று அவர்களாகவே கற்றுக்கொண்டது அது. எனக்கு அந்தத் தமிழ் பெரியப்பா வீட்டு ரேடியோவில் கேட்ட தமிழ். அது வகுப்புக்கு வெளியே நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்க வேண்டிய மாணவி வரவில்லை. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனை, முகாம் பையன், நான் கூப்பிட்டு நிறுத்தினேன். "வீட்டில் எப்படி வாசிப்பாயோ அப்படி வாசி" என்றேன். தினசரியைக் கையில் வாங்கினான். முதல் வரியிலேயே மைதானம் அமைதியானது. ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய இடத்தைக் கொடுத்தான். மூச்சை எங்கே விட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே கற்றாய் என்று கேட்டேன். "அப்பப்பா தமிழோசை கேப்பார் சார், நானும் பக்கத்தில இருப்பன்" என்றான்.

ஒருநாள் இரவு அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துக்குப் பத்து அறை, தகரக் கூரை. 9.15 மணிக்குத் தமிழோசை தொடங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். ஊரில் போர் நடந்துகொண்டிருந்த நேரம். எந்த ஊரின் பெயர் வருகிறது, அங்கே நம் ஆள் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமும் காதாகவே மாறியிருந்தது. அரை மணி நேரம் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் அந்தப் பையனின் தாத்தாவிடம் சொன்னேன்: "ஐயா, இந்தத் தமிழோசை என்ற பெயரை வைத்தவர் உங்கள் ஊர்க்காரர், ஊர்காவற்றுறைப் பக்கம்." அவர் ரேடியோவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்பிடியோ மாஸ்டர்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னை வழியனுப்ப, டார்ச்சை அடித்துக்கொண்டே அணைக்கரை முழுக்கக் கூடவே நடந்து வந்தார். 2017 ஏப்ரல் 30 ஆம் தேதியோடு தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த இரவுதான்.

அந்தப் பையன் தமிழ் இலக்கியம் படித்தான். பட்டம் வாங்கினான். வேறொரு ஊரில் ஒரு தனியார் நிறுவனத்தில் குரல் தேர்வு என்று போனான். உங்கள் நிலையத்தையோ உங்களைச் சேர்ந்த எதையுமோ நான் சொல்லவில்லை. அங்கே அவனிடம், குரல் நல்ல குரல்தான், ஆனால் உன் தமிழில் ஸ்லாங் இருக்கிறது, நேயர்களுக்கு ஒட்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பத்து வாக்கியத்தில் ஆறு ஆங்கிலச் சொல் கலந்து பேசுவது நேயர்களுக்கு ஒட்டுகிறது, திருத்தமான தமிழ் ஒட்டாது என்கிறார்கள். நான்கு நாள் அவன் யாரோடும் பேசவில்லை என்று அவன் அம்மா சொன்னார். இப்போது கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கப் போகிறான். முகாமில் பெரும்பாலான பையன்களுக்கு அதுதான் வேலை. அந்தத் தொழிலில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் குரல் சாரத்தின் மேல் நின்று 'தண்ணி குடு' என்று கூப்பிடுவதற்கு மட்டுமே பயன்படுகிறது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குடியுரிமை, அடையாள அட்டை, விதிமுறை என்று உங்களுக்குக் கட்டுப்பாடுகள் இருக்கும். அதனால்தான் நான் வேலை கேட்கவில்லை. ஒரு தொடருக்குக் குரல் கொடுக்க இடம் கேட்கிறேன். பதின்மூன்று வாரம், வாரம் கால்மணி நேரம். முதல் நிகழ்ச்சி அவர் பிறந்த ஆகஸ்ட் 27 ஐ ஒட்டி வந்தால் நன்றாக இருக்கும். கரம்பொன்னில் பிறந்ததிலிருந்து தொடங்குங்கள். ஈழகேசரிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள், இலங்கையில் பத்திரிகை நடத்துவது எப்படி இருந்தது என்பது இங்கே பலருக்குப் புதுச் செய்தி. லண்டனுக்கும் தமிழோசைக்கும் இரண்டு வாரம் வேண்டும். பயண நூல்களை அவசரப்படாமல் சொல்லலாம். சிட்டியோடு சேர்ந்து எழுதின நூல்களைச் சொல்லும் வாரத்தில் உங்கள் நிலையத்து அறிவிப்பாளர் ஒருவரும் முகாமின் இளைஞர் ஒருவரும் சேர்ந்து பேச வேண்டும். இரண்டு தமிழும் ஒரே மைக்கில் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கள் வாசிக்கும்போது தயவுசெய்து திருத்தாதீர்கள். வாய் குழறினால் திருத்துங்கள். 'ஓம்' என்றால் விட்டுவிடுங்கள். நம் நேயர்களுக்குப் புரியாது என்று யாராவது சொன்னால், அறுபதைத் தாண்டிய எந்த நேயரையும் கேட்டுப் பாருங்கள். அந்தத் தமிழைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். இளையவர்களுக்குப் புதிதாக இருக்கும், இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

ரேடியோவால் இதெல்லாம் ஆகுமா என்று நீங்களே சந்தேகப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகம் வந்தபோது, வானொலியில் கேட்டே விவசாயிகள் அதை நட்டார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. நாற்றின் பெயரையே மாற்றிய கருவி அது.

எங்கிருந்தோ வந்தவர்களை ஏற்றுக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. பாப்பாரப்பட்டியில் அடங்கியிருக்கும் சுப்பிரமணிய சிவா வத்தலக்குண்டில் பிறந்தவர். எழுத்தாளர், பேச்சாளர், 'ஞானபானு' நடத்தியவர். நோயோடு இங்கே வந்து சேர்ந்து 1925 ஜூலை 23 இல் இங்கேயே கண்மூடினார். அவரை நாம் வத்தலக்குண்டுக்காரர் என்று ஒதுக்கி வைக்கவில்லை, நம்மவர் என்றே நினைவிடம் வைத்துக் கும்பிடுகிறோம். அதற்கெல்லாம் முன்பு, தகடூர் என்ற பெயரில் இருந்த இதே தருமபுரியில், அதியமானிடம் வந்து சேர்ந்த ஔவைக்கு அவன் நெல்லிக்கனியையே கொடுத்தான். அவள் எந்த ஊர் என்று நாம் இன்றுவரை கேட்டதில்லை.

நூல்களைத் தேடும் வேலையை என்னிடம் விடுங்கள். 'ஒலிபரப்புக் கலை' என்னிடம் இருக்கிறது, பைண்டு செய்து வைத்திருக்கிறேன். மற்றவற்றில் இரண்டு கிடைத்துவிட்டன, ஒன்றுக்குச் சென்னை நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரத்துக்கும் எழுத்துப்படி தயாரித்துத் தருகிறேன், சன்மானம் வேண்டாம். அதை நீங்கள் உங்கள் முறைக்கு வெட்டித் திருத்திக்கொள்ளலாம், வருத்தப்பட மாட்டேன். வாசிக்க நான்கு பேரை ஏற்கெனவே பார்த்துப் பேசிவிட்டேன். இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, நாடகப் பகுதியைத் தான்தான் படிப்பேன் என்று இப்போதே சண்டை போடுகிறாள். பெயின்ட் வேலைக்குப் போகிற என் மாணவன் முதலில் முடியாது என்றான். அந்தப் பழைய தேர்வின் வலி இன்னும் போகவில்லை. அந்த 'ஒலிபரப்புக் கலை' நூலைப் படிக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "சார், ஞாயிற்றுக்கிழமை எண்டா எனக்கு வேலை இல்லை" என்றான்.

ஆகவே ஒலிப்பதிவு ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. நிலையத்துக்கே அழைத்து வரச் சொன்னால் அழைத்து வருகிறேன். முகாமுக்கு வெளியே இரவு தங்க நேர்ந்தால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும், அதனால் பகலிலேயே முடித்துக்கொண்டால் சிரமம் இல்லை. அல்லது நீங்கள் கருவியோடு நாகாவதிப் பக்கம் வருவதாக இருந்தால், ஒரு நாள் முன்னால் சொல்லி அனுப்புங்கள். அணைக்குப் போகும் பாதை பிரிகிற இடத்தில் நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.